கால் ஆட்டிய கொசு

போன வாரம் பாலாஜி போன் செய்தார். மாவட்டத்தில் காய்ச்சல் தடுப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர். கணக்கில் ஏதாவது இடித்தால் ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிடுவது அவர் வழக்கம்.

"மேடம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை லேபர் லைன்ல ஒரு சர்வே பண்ணோம். மூடாத தண்ணி டிரம் இருக்கிற வீட்ல காய்ச்சல் ஜாஸ்தியான்னு பாக்கறதுக்கு. லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போட்டா பி வேல்யூ பாயிண்ட் ஜீரோ சிக்ஸ் வருது. பாயிண்ட் ஜீரோ ஃபைவ்க்கு மேல போயிடிச்சு. அப்ப சம்பந்தம் இல்லைன்னு எழுதிடலாமா?"

"காய்ச்சல் எத்தனை பேருக்கு?"

"ஒம்போது பேரு மேடம்."

"இன்னிக்கு ஒண்ணும் எழுதாதீங்க. நாளைக்குக் காலைல நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய பதில்தான். ஆனால், சம்பந்தமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர நூற்றுக்கு ஆறு வாய்ப்பு என்று சொல்லும் அந்த பாயிண்ட் ஜீரோ சிக்ஸை நான் முன்பே ஒரு முறை சந்தித்திருக்கிறேன்.

நான் பிறவியிலேயே பயந்தவள். பூட்டிய கதவைத் திரும்பவும் இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன். இந்தக் குணத்துக்கு ஏற்ற உத்தியோகம் ஒன்று உண்டென்றால் அது புள்ளியியல்தான். "நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், எவ்வளவு தவறாக இருக்கலாம் என்றால்..." என்று எழுதுவதற்குச் சம்பளம் தருகிறார்களே. திருவள்ளூரில் பிறந்து, கணக்கில் பட்டம் வாங்கி, சென்னையில் சில மாதம் பயிற்சி முடித்து, எழுபதுகளின் நடுவில் பொன்னேரியில் ஒரு கொசு ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளியியல் உதவியாளராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. வருடா வருடம் நீட்டிப்பு ஆணை வரும்வரை எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்காது.

மலேரியா ஒழிந்தது என்று அறுபதுகளில் எல்லோரும் மாலை போட்டுக்கொண்டு ஓய்ந்த பிறகு, அது சத்தமில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. சுவரில் அடிக்கும் டி.டி.டி. தூளுக்குக் கொசு இன்னும் சாகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. உள்ளே மூன்று பேர். பூச்சியியல் அதிகாரி கோதண்டராமன் சார், நான், கொசு பிடிக்கும் மஸ்தான் பாய்.

மஸ்தான் பாய் பழவேற்காட்டுக்காரர். குடும்பத்தில் எல்லோரும் கருவாட்டு வியாபாரம். "எங்க அத்தா கிட்ட யாருனா என்னைப் பத்தி கேட்டா, பையன் கவர்மென்ட்டுக்குக் கொசு சப்ளை பண்றான்னு சொல்லுவாரு" என்று அவரே சிரிப்பார். விடிகிற நேரத்தில் டார்ச்சும் ஒரு கண்ணாடிக் குழாயுமாக வீடுகளுக்குள் போவார். ராத்திரி ரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவைக் குழாயின் ஒரு முனையால் மூடி, மறுமுனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சுவார். வாய்ப்பக்கம் வலைத்துணி கட்டியிருக்கும். அப்படியும் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் ஒன்றிரண்டையாவது விழுங்குவார்கள்.

பிடித்த கொசுக்களைச் சோதிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். உள்ளே மருந்துக் காகிதம் சுருட்டி வைத்த குழாய்களில் கொசுக்களை விட்டு ஒரு மணி நேரம் வைப்போம். ஒவ்வொரு குழாயிலும் மருந்தின் அளவு வேறு. ஒரு குழாயில் மட்டும் மருந்தில்லாத காகிதம். பிறகு எல்லாவற்றையும் சுத்தமான குழாய்களுக்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து, ஈரத் துண்டு போர்த்தி, ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது. மறுநாள் அதே நேரத்தில் எண்ண வேண்டும். நிற்க முடிந்தால் உயிருள்ளது. நிற்க முடியாவிட்டால் செத்தது. நடுவில் வேறு பத்தி கிடையாது.

எண்ணுகிற நேரத்தில் கோதண்டராமன் சார் உட்கார மாட்டார். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பார். நாங்கள் தன் முகத்தைப் பார்த்தால் தனக்கு வேண்டிய எண் எது என்று எங்களுக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் முதுகைக் காட்டுவார். நாங்கள் எண்ணி முடித்ததும் அந்த முதுகு கேட்கும்: "எத்தனையில எத்தனை?" வெறும் சதவீதம் சொன்னால் ஏற்க மாட்டார். "இருபது சதவீதம்னா அஞ்சுல ஒண்ணா, ஐநூறுல நூறாம்மா? ரெண்டும் ஒண்ணா?" என்பார்.

அந்த ஒரு கேள்விக்குள் என் உத்தியோகம் முழுக்க அடங்கியிருந்தது. ஒரு கொசு தருவது இரண்டே பதில்தான், செத்தேன் அல்லது பிழைத்தேன். அளவு ஏற ஏறச் சாவு ஏறும், ஆனால் நேர்கோட்டில் ஏறாது. முதலில் தயங்கி, நடுவில் விறுவிறுவென்று ஓடி, மேலே போனதும் மறுபடி தயங்கும். அந்த வளைவை நிமிர்த்துவதற்குத்தான் லாஜிட் என்ற கணக்கு. பிழைத்ததைச் செத்ததால் வகுத்து, லாகரிதம் அட்டவணையில் பார்த்து எழுத வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் முடிப்பதை, கைப்பிடியைச் சுற்றும் இயந்திரத்தில் ஒரு பகல் முழுக்கச் சுற்றுவேன். சாயந்திரம் தோள்பட்டை விட்டுப்போகும்.

பழவேற்காடு ஏரியைத் தாண்டிப் படகில் போக வேண்டிய மீனவர் குப்பம் ஒன்றில் அந்த வருடம் கோடை தொடங்கும்போதே குளிர்காய்ச்சல் ஆரம்பித்தது. தூள் அடித்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அப்படியானால் கொசு தூளுக்குப் பழகிவிட்டதா? பழகியிருந்தால் வேறு மருந்து கேட்க வேண்டும். புது மருந்து இருப்பு கொஞ்சம்தான். யாருக்குத் தருவது என்று தலைமை அலுவலகம் முடிவு செய்யும். அவர்களுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வேறுபாடு தற்செயல் அல்ல என்று புள்ளியியலில் காட்ட வேண்டும்.

நானும் ஒரு முறை மஸ்தான் பாயுடன் படகில் போனேன். குப்பத்தில் எங்களை முதலில் உள்ளே விட்டவள் தெய்வானை. அவள் புருஷன் ஏரியில் வலை போடுகிறவன். மூத்த பிள்ளை காய்ச்சலில் விழுந்து எழுந்து பாயில் சுருண்டிருந்தது. அவளுக்கு ஆறு மாத வயிறு. நடையில் சோர்வு தெரிந்தாலும் வாய் ஓயவில்லை.

"இன்னாம்மா இது அநியாயம்! எங்கள கடிச்ச கொசுவுக்கு சக்கரத் தண்ணி குடுக்கிறீங்களாமே? எங்களுக்கு ஒரு டீத்தண்ணி குடுக்க ஆளக் காணோம்."

"ஒரு நாளைக்குத்தான் அக்கா அந்த உபசாரம்" என்றார் மஸ்தான் பாய், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "வயித்துல புள்ளையோட இருக்கறவளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தா ஆவாதுன்றாங்களே, மெய்யா?"

மெய்தான். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும். "வராம இருக்கத்தான் பாத்துக்கினு இருக்கோம்" என்றேன். ஊர்ப் பேச்சு என் வாயில் தானாக வந்தது. படகில் திரும்பும் வழியெல்லாம் அந்த வயிறுதான் கண்ணில் நின்றது. மழை தொடங்குவதற்குள் அது நிறைமாதமாகிவிடும்.

குப்பத்தில் கொசு கிடைப்பது கஷ்டம். மலேரியாவைப் பரப்பும் அந்த ஜாதிக் கொசு மாட்டுக் கொட்டகையில்தான் கூட்டமாக இருக்கும். குப்பத்தில் மாடு ஏது? பல நாள் அலைந்து, மருந்து மிக அதிகமாக உள்ள மேல் அளவுக் குழாய்க்கு இருபது பெண் கொசு தேறியது. அதற்கே மஸ்தான் பாய்க்குக் கண் சிவந்துவிட்டது.

"பேஜாராக்குது சார். இக்கரைல நெல்லு வெளையிற ஊருங்கோ இருக்குதே, ஒரு கொட்டாய்ல பூந்தா நூறு புடிச்சாந்துருவேன். கொசு கொசுதான சார்?"

"அந்த ஊர்ல ஜனங்க தூள் அடிச்ச மறுநாளே சுவத்துல சாணி பூசிடறாங்க பாய். அந்தக் கொசு மருந்தையே பாத்திருக்காது. எனக்கு நூறு வேண்டாம். இந்தக் குப்பத்துக் கொசு வேணும்" என்றார் சார்.

சோதனை வைத்தோம். மறுநாள் எண்ணினோம். சார் ஜன்னலுக்குப் போய்விட்டார். மருந்தில்லாத குழாயில் எல்லாம் உயிரோடு இருந்தன, நல்லது. மேல் அளவுக் குழாயைக் கையில் எடுத்தேன். பதினைந்து அசையாமல் கிடந்தன. நான்கு குழாயின் ஓரத்தில் ஜம்மென்று நின்றன. மீதி ஒன்று மல்லாந்து கிடந்தது. ஆனால் ஒரு பின்னங்காலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

குழாயைத் தட்டினேன். புரண்டு எழப் பார்த்தது, முடியவில்லை. மறுபடி தட்டினேன். காலை ஆட்டியதோடு சரி.

"எத்தனையில எத்தனை?"

"இருபதுல நாலு சார்" என்றேன். விதிப்படி அதுதான் சரி.

போன வருடம் அதே குப்பத்தில், அதே அளவில், அறுபதில் மூன்று பிழைத்திருந்தன. அப்போது இருபதில் ஒன்று, இப்போது ஐந்தில் ஒன்று. யாருக்குப் பார்த்தாலும் பகீர் என்றிருக்கும். கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். இரண்டு லாஜிட்டுக்கும் உள்ள இடைவெளி வந்தது. அடுத்து அந்த இடைவெளி தற்செயலால் எவ்வளவு நடுங்கும் என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு எளிது. பிழைத்தது, செத்தது என்று இருக்கும் நான்கு எண்ணிக்கையாலும் ஒன்றை வகுத்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். போன வருடம் செத்த ஐம்பத்தேழு கொசுவால் நடுக்கம் கூடவே இல்லை. பிழைத்த நாலும், போன வருடம் பிழைத்த மூன்றும்தான் நடுக்கத்தை ஆட்டிப்படைத்தன. நூறு கொசு சோதித்தாலும் மூன்றுதான் பிழைத்தது என்றால் உங்கள் கையில் இருப்பது அந்த மூன்று கொசு சொல்லும் சேதிதான். இதை நான் படித்தது பயிற்சியில், பயந்தது அன்றைக்கு.

இடைவெளியை நடுக்கத்தால் வகுத்தேன். ஒன்று புள்ளி ஒன்பது ஒன்று, பாலாஜியின் பாஷையில் பி வேல்யூ பாயிண்ட் ஜீரோ சிக்ஸ். தலைமை அலுவலகம் கேட்பது ஒன்று புள்ளி ஒன்பது ஆறு.

நான் தப்பாகச் சுற்றியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி சுற்றினேன். அதே எண். லாகரிதம் அட்டவணையில் வரி மாறிவிட்டதோ என்று அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இல்லை. அப்புறம் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். ஒரு கொசு கூடுதலாகப் பிழைத்திருந்தால் என்ன வரும் என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு புள்ளி மூன்றுக்கு மேல் போனது. தாராளமாகத் தாண்டிவிட்டது.

அந்தக் குழாய் மேஜையிலேயே இருந்தது. கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மஸ்தான் பாய் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும். "இன்னாம்மா, பத்தலையா?" என்றார். நான் குழாயைக் காட்டினேன். அவர் சாரிடம் நேராகவே போனார்.

"சார், அது சாவல சார். கால ஆட்டிக்கினுதான் கீது. நீங்களே வந்து பாருங்க. உசுரு இருக்கறத செத்துச்சுன்னு எழுதறது நாயமா?"

சார் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கும் எண் தெரிந்துவிட்டது, என் தாளைப் பார்த்துவிட்டார்.

"நிக்குதா பாய்?"

"நிக்கல சார். ஆனா..."

"போன வருஷம் இப்படிக் கால ஆட்டினத நாம செத்ததுன்னுதான எழுதினோம்? அதுங்களையும் எழுப்பி விட்டா அறுபதுல எத்தனைன்னு யாருக்குத் தெரியும்?" குழாயை மேஜையில் வைத்தார். "இன்னிக்கு நாம நல்லதுக்காக ஒண்ண எழுப்பி நிக்க வெச்சிடுவோம். நாளைக்கு மருந்து குடுக்க மனசில்லாத ஒருத்தன் நிக்கறதப் படுக்க வெச்சிடுவான். அப்புறம் எண்றதுக்கு என்ன மதிப்பு?"

"அந்தப் பொம்பளைக்கு ஆறு மாசம் சார்" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"தெரியும்மா" என்றார்.

இருபதில் நாலு என்றே அறிக்கை போனது. ஆனால் அதன் கீழே அவர் தம் கையாலேயே ஒரு பத்தி எழுதினார். கொசு குறைவு என்பதால் வேறுபாடு உறுதிப்படவில்லை. உறுதிப்படவில்லை என்பதற்கு வேறுபாடு இல்லை என்று பொருள் அல்ல. காத்திருப்பதன் ஆபத்து மருந்தை வீணாக்குவதன் ஆபத்தைவிடப் பெரிது. ஆகவே குப்பத்துக்குப் புது மருந்து தர வேண்டும். பதில் வரும்வரை நான் தபால்காரர் மணிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுந்தேன். வந்த பதில் இரண்டே வரி. வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவம் உடையதாக இல்லை. எனவே நடப்பு மருந்தே தொடரலாம்.

"இந்த 'எனவே' எங்கேருந்து வந்துச்சு?" என்றார் சார். அதற்கு முன் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அடுத்த ரயிலில் சென்னைக்குப் போனார். சாயந்திரம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "கொசு அதிகமா கொண்டு வா, பாக்கலாங்கறான்" என்றார். அவர் வாயில் மரியாதை இல்லாத சொல் வந்தால் மனசு எவ்வளவு கொதித்திருக்க வேண்டும்.

நடுக்கத்தைப் பாதியாக்க வேண்டுமானால் கொசு நாலு மடங்கு வேண்டும். குப்பத்தில் அத்தனை பிடிக்க முடியாது. ஆகவே வளர்ப்பது என்று முடிவானது. குடிதண்ணீருக்காக அவர்கள் மணலில் தோண்டும் ஊற்றுக்குழிகளிலிருந்து கொசுப்புழுவைக் கரண்டியால் மொண்டு கொண்டுவந்தார் மஸ்தான் பாய். எனாமல் தட்டுகளில் விட்டு, பிஸ்கட் தூள் தூவி, கொசுவலைக் கூண்டுக்குள் வைத்தோம். எறும்பு ஏறாமலிருக்க மேஜையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். வீட்டுக்காரர் ஓடி வந்தார். "கொசுவ ஒழிக்கறதுக்குன்னு ஊட்ட வாடகைக்கு வாங்கினு, உள்ள கொசு வளக்கறீங்களாமே!" அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

முதல் தொகுதியை வெயில் கொன்றது. கூண்டைத் திறந்தால் எல்லாம் தரையில் கிடந்தன. மறுபடி படகு, மறுபடி கரண்டி. இதற்கிடையில் குப்பத்தில் பழைய தூளையே அடித்தார்கள். காய்ச்சல் வந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். வராதவர்கள் காத்திருந்தார்கள். மஸ்தான் பாய் ஒவ்வொரு முறை படகிலிருந்து வரும்போதும் அவர் வாயைத் திறக்குமுன் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். "நல்லாக்கிறாம்மா, நல்லாக்கிறா" என்பார், தெய்வானையைப் பற்றி நான் கேட்காமலே.

ஒரு நாள் அவர் அப்படிச் சொல்லவில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "குளிர் கண்டுபோச்சு. படகுல போட்டு, பஸ்ஸப் புடிச்சு, இந்த ஊரு ஆஸ்பத்திரிக்குத்தான் இட்டாந்தாங்க. தாய்க்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. சார் ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாம் தொகுதி அந்த வாரமே தேறியது. மேல் அளவுக் குழாய்களில் மொத்தம் நூறு கொசு வைத்தோம். இருபத்தொன்று பிழைத்தன. ஒன்று புள்ளி ஒன்பது ஆறை எங்கள் எண் தாராளமாகத் தாண்டியது. புது மருந்துக்கு உத்தரவு வர நேரமே ஆகவில்லை. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூறில் இருபத்தொன்று. ஐந்தில் ஒன்று. முதலில் அந்த இருபது கொசு சொன்னதும் இதேதான்.

மருந்து அன்றே வந்திருந்தால் தெய்வானையின் பிள்ளை பிழைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது. சார் விதியை மீறியிருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அவர் எண்ணியது சரி, எழுதியதும் சரி. அந்த எண்ணை வாங்கிக்கொண்டு கீழே இருந்த பத்தியைப் படிக்காதவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்றுவரை தீரவில்லை. ஆனாலும் சில சமயம் அந்தக் கால் ஆடுவது கண்ணில் வரும். வந்தால் எழுந்து போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

மறுநாள் காலை பாலாஜியைக் கூப்பிட்டேன். "டிரம்மையெல்லாம் கவிழ்த்து மூடி போடச் சொல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"ரிப்போர்ட்டே இன்னும் போகலையே மேடம். சிக்னிஃபிகன்ட்னு வராம எப்படி?"

அவருக்கு லாஜிட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புது மருந்து அடித்த அன்றைக்குக் குப்பத்தில் நடந்ததை மட்டும் சொன்னேன்.

தெளிப்பான் ஆட்கள் வந்ததும் தெய்வானை எழுந்து, பாயைச் சுருட்டி வெளியே வைத்து, அவர்களுக்கு வழி விட்டாள். மெலிந்திருந்தாள். வயிறு ஒட்டியிருந்தது. அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் என் பக்கத்தில் வந்து நின்று, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல மெல்லக் கேட்டாள்.

"கொசு பத்தலன்னு சொல்லிக்கினு இருந்தீங்களேம்மா, இப்ப பத்துற அளவுக்குக் கெடச்சுதா?"